வுட்சைடு போகும் படகு

லிவர்பூல்
22 ஏப்ரல் 1984, ஈஸ்டர் ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு ஜெபமணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

வந்து சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது. காய்ச்சல், சளி எதுவும் இல்லை. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது, தைலம் தடவிக்கொள்கிறாயா என்று முதலில் எழுது.

நர்ஸ் விடுதியில் எனக்குத் தனி அறை. வெப்ப நாட்டு நோய்கள் பற்றிய வகுப்பில் பதினெட்டுப் பேர். மலேரியாக்காரரை இவர்கள் படத்தில் காட்டுகிறார்கள். திருப்பதி ஆஸ்பத்திரியில் நாலு வருஷமாக நான் கையால் தொட்டுப் பார்த்தவள் என்றதும் எல்லாரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஆறு மாதப் படிப்பில் முதல் நாளே எனக்கு மரியாதை வந்துவிட்டது.

அம்மா, இந்த ஊரை நீ பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் உலகத்துச் சரக்கெல்லாம் இங்கேதான் வந்து இறங்குமாம். ஆற்றை ஒட்டி ஏழு மைல் நீளத்துக்குக் கற்சுவர். சுவருக்கு உள்ளே, கப்பல் நிறுத்த வெட்டிய பெரிய பெரிய தண்ணீர்த் தொட்டிகள். தண்ணீர் இருக்கிறது, கப்பல் இல்லை. கிடங்குகளின் கண்ணாடியெல்லாம் உடைந்து கிடக்கின்றன. ஆனால் ஜனங்கள் அழுது வடிந்துகொண்டு இல்லை. பஸ்ஸில் ஏறினால் முன்பின் தெரியாதவரும் பேச ஆரம்பித்துவிடுகிறார்.

நேற்று ஆற்றங்கரைக்குப் போகப் பச்சை மாடி பஸ்ஸில் ஏறி, மேல் மாடியில் முன் சீட்டைப் பிடித்து ராணி மாதிரி உட்கார்ந்தேன். பஸ் எதிர்ப் பக்கம் போய் ஊர்க் கோடியில் நின்றது. டிரைவர் மேலே ஏறி வந்து, எங்கே போகணும் என்று கேட்டுச் சிரித்துவிட்டு, அங்கேயே உட்காரும்மா, திரும்பிப் போகும்போது இறக்கி விடுகிறேன் என்றார். இறங்கியதும் ஆறு. எதிர்க்கரைக்குப் படகு போகிறது. படகென்றால் நூற்றுக்கணக்கான பேர் நிற்கும் படகு. வுட்சைடு என்ற துறை வரைக்கும் போய், இறங்காமல் அப்படியே திரும்பி வந்தேன். இரண்டு தடவை.

மெட்ராஸில் விமானம் ஏறும்போது நீ சொன்னதை மறக்கவில்லை. “நைனாவத் தேடிக்கினு திரியாத, படிச்சிட்டு வா” என்றாய். தேட மாட்டேன். ஆனாலும் அவர் கடைசியாகக் கடிதம் போட்டது இந்த ஊரிலிருந்துதானே. எனக்கு மூன்று வயதில் அவர் கடிதம் நின்றுபோனது என்று நீ சொன்னதோடு சரி. தெருவில் நடக்கும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

உன் ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்.
ஜெபமணி


திருப்பதி
6 மே 1984

என் அருமை மகள் ஜெபமணிக்கு அம்மா தபீதாள் ஆசீர்வாதம்.

உன் கடிதம் சித்தூருக்கு வந்து, பக்கத்து வீட்டு லட்சுமம்மா அதைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பி, நேற்றுத்தான் இங்கே என் கைக்கு வந்தது. பத்தாம் கிளாஸ் பேப்பர் திருத்த இரண்டு வாரமாகத் திருப்பதியில் இருக்கிறேன். உன் பழைய விடுதியில்தான் தங்கல். உன் சிநேகிதிகள் கஞ்சி போட்டுக் கொடுத்து, சேலையைக்கூடத் துவைத்துக் கொடுக்கிறார்கள். முட்டி பரவாயில்லை.

வெயில் தாங்கவில்லை. மலைக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. சயின்ஸ் பேப்பரில், கப்பல் ஏன் மிதக்கிறது என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை, கேப்டன் நல்லவராக இருப்பதால் என்று தெலுங்கில் அழகாக எழுதியிருக்கிறது. நானும் பக்கத்தில் இருந்த நாகபூஷணம் சாரும் அரை மணி நேரம் சிரித்தோம். மார்க் போட முடியவில்லை, மனசு கேட்காமல் கையெழுத்துக்காவது போடலாமா என்று பார்த்தேன்.

பஸ்ஸில் ஏறும் முன் எங்கே போகிறது என்று கேட்டு ஏறு. ஸ்வெட்டரைக் கழற்றாதே. கோங்குரா ஊறுகாயைச் சிக்கனமாகத் துன்னு, ஆறு மாசம் வரணும்.

கர்த்தர் உன்னைக் காப்பார்.
அம்மா


லிவர்பூல்
24 மே 1984

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

சுகமாக இருக்கிறேன், ஒரு கிலோ ஏறிக்கூட இருக்கிறேன். இங்கே உருளைக்கிழங்கை வறுத்து, உப்பும் காடியும் ஊற்றிக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறார்கள். நடந்துகொண்டே துன்னலாம்.

இப்போது இந்த ஊரில் எனக்கு வழி தெரியாத இடம் குறைவு. ஒரே டிக்கெட் வாங்கினால் பஸ், ரயில், படகு மூன்றிலும் நாள் முழுக்கச் சுற்றலாம். ரயில் தரைக்கு அடியில் ஓடுகிறது. ஊருக்கு நடுவில் ஒரு வட்டம் அடித்துவிட்டு, அப்படியே ஆற்றுக்கு அடியிலும் புகுந்து அந்தக் கரைக்குப் போய்விடுகிறது. தலைக்கு மேல் ஆறு ஓடுகிறது என்று நினைத்து நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எதிர் சீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பழைய எண்ணெய்த் தொட்டிகளும் குப்பை மேடும் இருந்த இடத்தை வெட்டிச் சீராக்கி, இந்த மாதம் பெரிய தோட்டக் கண்காட்சி திறந்திருக்கிறார்கள். வேலை போன ஊர், பூவைப் பார்க்க வரிசையில் நிற்கிறது. நானும் நின்றேன்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உன்னிடம் எதையும் மறைத்து எனக்குப் பழக்கம் இல்லை. நான் தேடினேன், அம்மா.

திட்டம் போட்டுப் போகவில்லை. போன சனிக்கிழமை துறைமுகச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது, கப்பல்காரர்களுக்காக ஒரு சபை நடத்தும் பழைய விடுதியைப் பார்த்தேன். கால் தானாக உள்ளே போய்விட்டது. தலை நரைத்த ஓர் அம்மாள் என்ன வேண்டும் என்று கேட்டார். அசரியா, மெட்ராஸில் கப்பல் ஏறினவர், சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் வேலை என்றேன். அவர் அலமாரியைத் திறந்து, தோல் அட்டை போட்ட நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இரண்டு மணி நேரம் இருவரும் விரலை வைத்துப் படித்தோம்.

1960 அக்டோபரில் இருக்கிறார். பக்கத்தில் அவருடைய கையெழுத்து. நைனாவின் எழுத்தை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். கையெழுத்தில் நான் போடுவது போலவே பேர் கடைசியில் ஒரு சுழி போட்டிருக்கிறார். இரண்டு மாதம் தங்கி, பிறகு ஒரு தெருவுக்குக் குடி போயிருக்கிறார். அந்தத் தெருவின் பெயரும் இருக்கிறது.

உன் சொல்லை மீறினதற்குக் கோபப்படு. ஆனால் பதில் எழுது. போகட்டுமா?

ஜெபமணி


சித்தூர்
25 ஜூன் 1984

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நலம். மழை இன்னும் இல்லை. பள்ளி திறந்துவிட்டது, எட்டாம் கிளாஸில் மட்டும் அறுபத்திரண்டு பிள்ளைகள். ஒரு வாரம் லீவு போட்டு ஹைதராபாத்துக்கு ஒரு வேலையாகப் போய் வந்தேன், அதனால்தான் பதில் தாமதம்.

நோட்டுகளில் எத்தனையோ பெயர் இருக்கும். படிப்பு முக்கியம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அம்மா


லிவர்பூல்
8 ஜூலை 1984

அம்மாவுக்கு,

நான் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும். நலம் விசாரிக்க இதற்கு மேல் இன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. நைனா உயிரோடு இருக்கிறார். நேற்று அவரோடு ஆற்றை ஏழு தடவை கடந்தேன்.

வேண்டாம் என்று நீ எழுதவில்லை, அதனால் போனேன். அந்தத் தெருவில் பாதியை இடித்துவிட்டார்கள். மீதி இருக்கும் வீடுகளுக்கு நடுவே ஒரு முடிதிருத்தும் கடை. கடைக்காரர் சோமாலியாக்காரர், அவரும் கப்பலில் வந்து இறங்கித் தங்கிவிட்டவர். பெயரைச் சொன்னதும் கத்தரியைக் கீழே வைத்தார். எங்கள் அஸ்ஸியா, அசரியாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், இருபது வருஷமாக என் கடையில்தான் முடி வெட்டுகிறான், வுட்சைடு படகில் கயிறு போடுகிறான், இப்போது போனால் பார்க்கலாம் என்றார். பாதி முடி வெட்டிய ஆள் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, எந்த பஸ் சீக்கிரம் போகும் என்று எனக்குச் சொன்னார்.

அந்தப் படகில் நான் அதுவரை பதினொரு தடவை போயிருக்கிறேன், அம்மா.

பஸ்ஸிலிருந்து இறங்கித் துறைக்கு ஓடினேன். படகு அப்போதுதான் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கம் ஒருவர், நீல ஸ்வெட்டர், நம்ம நிறம், தலை முழுக்க நரை. கயிற்றைச் சுழற்றி வீசி இரும்புக் கட்டையில் மாட்டினார். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தமிழில் கேட்டேன். “நீங்க அசரியாவா?”

அவர் கயிற்றை விடாமலே திரும்பினார். யார் என்று கேட்டார்.

“ஜெபமணி. சித்தூரு.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கயிற்றை இழுத்துக் கட்டினார். பலகையை இறக்கினார். ஒரு கிழவியின் கையைப் பிடித்து இறக்கி விட்டார். கடைசி ஆள் இறங்கிப் போகிற வரைக்கும் என் பக்கம் வரவில்லை. நான் ஓடிப் போய்விடுவேனோ என்று மட்டும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “தபீதாள் நல்லா கீறாளா?”

வேலை முடிகிற வரை என்னைப் படகிலேயே வைத்துக்கொண்டார். போகும்போது ஒரு கதை, வரும்போது ஒரு கதை. எங்கே சர்க்கரை இறங்கும், எங்கே பஞ்சு இறங்கும், எந்தத் துறை எந்த வருஷம் மூடினார்கள், எல்லாம் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். கப்பல் வேலை போன பிறகு எட்டு மாதம் சும்மா இருந்து இந்த வேலைக்கு வந்தாராம். தனியாகத்தான் இருக்கிறார். தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. மூன்றாவது தடவை கடக்கும்போது வேகமாகப் பேசினார், எனக்கே புரியாத நம்ம ஊர் வார்த்தையெல்லாம் வந்தது.

வேலை முடிந்து டீ குடிக்கும்போது கேட்டேன். ஏன் எங்களை விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் திகைத்துப் போனார்.

“நான் எங்க விட்டேன்? கப்பலுக்குச் சீட்டு அனுப்பினேன், உனக்கும் அவளுக்கும். வரலேன்னு எழுதிட்டா. கேட்டதுக்குப் பதில் சொன்னா. அதுல தப்பு இன்னா கீது?”

சீட்டு வந்ததா, அம்மா? இது நிஜமா?

ஜெபமணி


லிவர்பூல்
28 ஜூலை 1984

அம்மா,

நலம். இருபது நாளாக விடுதியில் தபால் பெட்டியைத் தினம் இரண்டு வேளை பார்க்கிறேன். ஒரு வரி எழுதினால் போதும். ஆமாம் என்றோ இல்லை என்றோ.

ஜெ.


சித்தூர்
2 ஆகஸ்ட் 1984

என் மகள் ஜெபமணிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

ஆமாம்.

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் உன் நைனாவும் நானும் ஒரு வீட்டில் இருந்தது மொத்தம் பதினாலு மாதம். கப்பலில் வருவார், போவார். நல்ல மனுஷன். குரல் உயர்த்தி ஒரு வார்த்தை பேசினது இல்லை. நான் அவரை நன்றாகத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அவர் கிளம்பிவிடுவார். 1960-இல் அங்கேயே இறங்கித் தங்கிவிட்டார். 62 பிப்ரவரியில் சீட்டு வந்தது. ஜூலையில் வெளிநாட்டார் குடியேறுவதைக் கட்டுப்படுத்தும் புதுச் சட்டம் வருகிறது, அதற்கு முன்னால் பிள்ளையோடு வந்துவிடு, அறை பார்த்துவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

அந்த வருஷம்தான் நான் டிரெயினிங் முடித்து ஹைஸ்கூலில் சேர்ந்தேன். நம் பள்ளியில் சயின்ஸ் சொல்லிக் கொடுத்த முதல் பொம்பளை நான். ஒரு சின்ன அறையும் கண்ணாடி அலமாரியும் கொடுத்து, லேப் சாவியை என் கையில் கொடுத்திருந்தார்கள். காலையில் அந்தக் கதவைத் திறக்கும்போது எனக்கு வரும் சந்தோஷத்தை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்கூட.

இருந்தும் போகத்தான் கிளம்பினேன். டிரங்குப் பெட்டியையும் உன்னையும் தூக்கிக்கொண்டு ரயிலேறி மெட்ராஸ் போய், கப்பல் ஏஜெண்டு ஆபீஸுக்குள்ளேயே போய் உட்கார்ந்தேன். குமாஸ்தா ஃபாரத்தில் பெயர் கேட்டார், சொன்னேன். புருஷன் தொழில் கேட்டார், சொன்னேன். உன் தொழில் என்ன என்று அவர் கேட்கவே இல்லை. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அடுத்த ரயிலில் சித்தூர் திரும்பிவிட்டேன்.

எனக்குப் பயம் இல்லை. யாரும் தடுக்கவும் இல்லை. எனக்குப் போக விருப்பம் இல்லை, அதுதான் விஷயம். நான் வரவில்லை, நீங்கள் வாருங்கள் என்று எழுதினேன். சித்தூரில் எனக்கு என்ன வேலை இருக்கிறது என்று அவர் எழுதினார். 63-இல் உன்னைப் பற்றிக் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதற்கு நான் பதில் போடவில்லை. அதன் பிறகு அவரும் எழுதவில்லை.

இதுவரைக்கும் நான் செய்ததற்கு நான் வருத்தப்படவில்லை. இதற்குப் பிறகு செய்ததுதான் தப்பு. சபையில் கேட்டவர்களிடம், கடிதம் வருவதில்லை என்று சொன்னேன். அது பொய் இல்லை, ஆனால் அதுதான் பெரிய பொய். புருஷன் கூப்பிட்டும் போகாதவள் என்றால் என்னை அந்தப் பள்ளியில் இருக்க விட்டிருப்பார்களா? பாவம், புருஷன் கைவிட்டவள் என்றால் எல்லாரும் அனுசரணையாக இருந்தார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பாதிரி ஐயர் பிரசங்க மேடையில் நின்று, இருக்கிற இடம் தெரியாத நம் சகோதரன் அசரியாவுக்காக என்று ஜெபம் பண்ணுவார். இருபத்தொரு கிறிஸ்துமஸ். பக்கத்தில் உட்கார்ந்து நீயும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்வாய். அவர் விலாசம் என் பெட்டியில் இருந்தது.

உன்னிடமாவது சொல்லியிருக்கலாம். உனக்குப் பத்து வயது ஆகட்டும் என்று இருந்தேன், அப்புறம் பதினைந்து, அப்புறம் உன் நர்ஸ் படிப்பு முடியட்டும் என்று.

கோபம் இருந்தால் அப்படியே எழுது. மனசுக்குள் வைத்துக்கொள்ளாதே.

அம்மா


லிவர்பூல்
9 செப்டம்பர் 1984

அம்மாவுக்கு,

சுகம். உன் கடிதம் வந்த பிறகு நான்கு வாரம் உனக்கு எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

ஒன்பதாம் கிளாஸில் வெங்கடலட்சுமி, உங்க நைனா ஓடிப் போயிட்டாராமே என்று கேட்டதற்கு நான் அவள் ஜடையைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டேன், நினைவிருக்கிறதா? நீ வந்து விலக்கி விட்டாய். அவளுக்கும் எனக்கும் சேர்த்துத் தண்டனை கொடுத்தாய். அன்றைக்குக்கூட நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் கடிதத்தை முடித்ததும் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வந்தது. காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். அப்புறம் எடுத்து நீவி வைத்தேன்.

மறு சனிக்கிழமை படகில் நைனாவையும் கேட்டேன். அம்மா பதில் போடவில்லை சரி, எனக்கு நீங்கள் ஏன் ஒரு கடிதம் போடவில்லை, எனக்குப் படிக்கத் தெரியாதா என்று. அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே சுருட்டின கயிற்றை அவிழ்த்து மறுபடி சுருட்டினார். அதனால் இப்போது எனக்கு உங்கள் இரண்டு பேர் மேலும் கோபம். இத்தனை நாள் கோபப்படக்கூட வீட்டில் ஒரு ஆள்தான் இருந்தது.

ஆனால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் இங்கே நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். உன் கடிதம் வருவதற்கு முன்னால் நடந்தது. உலகம் முழுவதிலுமிருந்து பாய்மரக் கப்பல்கள் இந்த ஆற்றுக்கு வந்தன. அரைத் தூக்கத்தில் இருந்த துறைமுகம் நாலு நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டது. நம்ம தேர்தல் கூட்டம், திருப்பதி பிரம்மோற்சவக் கூட்டம் எல்லாம் சேர்ந்தால் எப்படி இருக்கும், அப்படி இரண்டு கரையிலும் ஜனம். பஸ் எல்லாம் நின்று போய், ஆற்றங்கரைக்கு மூன்று மைல் நடந்தே போனேன். கூடவே நடந்த ஒரு குடும்பம் பாதி வழிக்கு எனக்குச் சாண்ட்விச் கொடுத்துக்கொண்டே வந்தது.

நைனாவுக்கு நாலு நாளும் வேலை. என்னைப் படகின் மேல் தட்டில் நிறுத்தி வைத்தார். கப்பல்கள் கிளம்பும் நாள், ஆறு முழுக்கப் பாய். வெள்ளை, பழுப்பு, கோடு போட்டது. ஒரு கப்பலில் கயிற்று ஏணியில் ஆட்கள் வரிசையாக ஏறி நின்று கையாட்டினார்கள். எங்கள் படகில் இருந்த எல்லாரும் கையாட்டினோம். நைனா கீழே இருந்து ஓடி வந்து, அம்பத்தஞ்சுல நான் மொதல்ல வந்தப்போ இப்படித்தான் இருந்திச்சு, ஆத்துல தண்ணியே தெரியாது என்றார். எனக்குத் தொண்டை கட்டிப் போகிற வரைக்கும் கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் எனக்கு நினைவில்லை. அதையும் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். தவறாக எடுத்துக்கொள்ளாதே. குமாஸ்தா கோடு போட்ட இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு, அவ அப்பவே சயின்ஸ் டீச்சரா, எனக்கு அவ எழுதவே இல்லியே என்றார். நீ வேலையைப் பற்றி அவருக்கு எழுதவே இல்லையா, அம்மா?

படிப்பு அக்டோபர் கடைசியில் முடிகிறது. அதற்கு முன்னால் நீ இந்த ஊரை ஒரு தடவை பார்க்க வேண்டும். இது நானாகக் கேட்பது. அவர் கேட்கச் சொல்லவில்லை. கேட்காதே என்றுதான் சொன்னார்.

முட்டியைப் பார்த்துக்கொள்.
ஜெபமணி


சித்தூர்
20 செப்டம்பர் 1984

அருமை ஜெபமணிக்கு அம்மா வாழ்த்து.

நலம், நல்ல மழை. நீவா நதியில் தண்ணீர் போகிறது, ஊர் ஜனம் எல்லாம் பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்க்கிறது.

இல்லை, எழுதவில்லை. வேலை கிடைத்ததையும் சாவி கொடுத்ததையும் நான் அவருக்கு எழுதவே இல்லை. வரமாட்டேன் என்று மட்டும் எழுதினேன், ஏன் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. கேட்க இடம் கொடுக்காதது நான்தான். அதை நீயே அவரிடம் சொல்லிவிடு.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஐயரம்மாவும் இருந்தார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அந்த ஜெபம் வேண்டாம், அவர் இருக்கிற இடம் தெரியும், எப்போதும் தெரியும் என்றேன். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். சபைப் பெரியதனக்காரர் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு இவ்வளவு தைரியம் வந்ததைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து லட்சுமம்மாவிடமும் சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “அய்யோ டீச்சரு, போயி ரா. சூசி ரா” என்றாள். போய்ப் பார்த்துவிட்டு வா என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜூனில் நான் ஹைதராபாத்துக்குப் போனது பாஸ்போர்ட்டுக்கு. நோட்டில் அவர் கையெழுத்தைப் பார்த்தேன் என்று நீ எழுதின கடிதம் வந்த வாரமே திருப்பதியில் ஃபோட்டோ எடுத்து விண்ணப்பம் போட்டுவிட்டேன். எதற்குப் போடுகிறோம் என்று அப்போது எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. உன்னிடம் என்னவென்று எழுதுவது? அதனால் இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டேன். போன வாரம் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதில் தொழில் என்ற இடத்தில் ஆசிரியை என்று போட்டிருக்கிறது. இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.

மூன்று வாரம் லீவு கிடைத்துவிட்டது. 12 அக்டோபர் மெட்ராஸில் விமானம். 13 சாயங்காலம் லண்டனிலிருந்து ரயில். நீ எழுதின மாடி பஸ்ஸில் முன் சீட்டு, ஆற்றுக்கு அடியில் ரயில், அந்தப் படகு, எல்லாம் நான் பார்க்க வேண்டும். பஸ்ஸுக்கு ஒரு நாள், கப்பல் தொட்டிகளுக்கு ஒரு நாள் என்று இப்போதே பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். அந்தத் தொட்டிகளின் கதவு எப்படி வேலை செய்கிறது, ஆறு இறங்கும்போது உள்ளே தண்ணீர் எப்படி நிற்கிறது என்பதை யாராவது எனக்கு விளக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம்.

அவரிடம் இதைச் சொல்லிவிடு. நான் குடித்தனம் பண்ண வரவில்லை. நவம்பர் ஐந்தாம் தேதி எனக்குப் பள்ளி. ஊரைப் பார்க்க வருகிறேன், அவரையும் பார்க்க வருகிறேன். இதைக் கேட்ட பிறகும் அவருக்கு ஸ்டேஷனுக்கு வர மனசிருந்தால் வரட்டும். வராவிட்டாலும் தப்பாக நினைக்க மாட்டேன்.

உனக்குக் கோங்குரா கொண்டு வருகிறேன்.
அம்மா


லிவர்பூல்
30 செப்டம்பர் 1984

தபீதாளுக்கு அசரியா எழுதிக்கொள்வது.

சுகமாக் கீறேன். உன் சுகத்த ஜெபமணி சொன்னா. இருபது வருஷமாத் தமிழ்ல எழுதல. எழுத்து கோணலாக் கீது, டீச்சரம்மா சிவப்பு மையில திருத்தக் கூடாது. பொண்ணு பக்கத்துல உக்காந்துக்கினு சிரிக்கிறா.

ஆறு வருஷம் உன்மேல கோபமா இருந்தேன். அப்புறம் கோபம் போயிடுச்சி, ஆனா எழுதணும்னு தோணல. எழுதாம இருந்து பழகிட்டேன். பிள்ளைக்கு எழுதாதது உன் தப்பு இல்ல, என் தப்பு. சீட்டு அனுப்பினேன், நீ இன்னா பண்ணிக்கினு கீறன்னு ஒரு வரி கேட்டிருக்கலாம். கேக்கல. எனக்கும் அந்தக் குமாஸ்தாவுக்கும் இன்னா வித்தியாசம்.

குடித்தனம் பண்ண வரலேன்னு சொன்னது நல்லது. எனக்கும் ஒரே அறை, ஒரே நாற்காலி. நீ ஜெபமணி விடுதியில விருந்தாளி அறையில தங்கிக்கலாம், அவ ஏற்பாடு பண்ணிட்டா.

நான் ரெண்டு வாரம் லீவு போட்டுட்டேன். பதினாலாம் தேதி தோட்டக் கண்காட்சி முடியுது, அதனால வந்த மறுநாளே அங்க போயிடணும். கதவு வேல செய்யறத காட்டச் சொல்லி, பழைய துறையில கதவு திறக்கிற வேல பாத்த என் சிநேகிதர் கிட்ட சொல்லி வச்சிட்டேன். சயின்ஸ் டீச்சர் வராங்கன்னு சொன்னேன். அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கினு கீறார். படகுல நீ எத்தினி தடவை வேணும்னாலும் போலாம், டிக்கெட் கேக்க மாட்டாங்க. நான் கயிறு போடறத பாரு. அதுல மட்டும் நான் கெட்டிக்காரன்.

குளிர ஆரம்பிச்சிடுச்சி. காலுக்கு உறை போட்டுக்கினு வா.

லண்டன்ல யூஸ்டன் ஸ்டேஷன்ல ஏறணும். கடைசி ஸ்டேஷன் லைம் ஸ்ட்ரீட், அதுக்கு மேல ரயில் போவாது, அவசரப்படாம இறங்கு. கூட்டம் இருக்கும். என்னை உனக்கு அடையாளம் தெரியாது. நான் இளைச்சிட்டேன், முடி எல்லாம் வெள்ளை ஆயிடுச்சி. ஜெபமணியப் பாரு. அவ பக்கத்துல நிக்கிற ஆள் நான்தான்.

அசரியா